மகன்ட ஆட்டிசமும், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில நான் அலைஞ்ச அலைச்சலும்

முதலே சொல்லிப்போடுறன், நான் டொக்டரும் இல்லை ரீச்சரும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டில தையல் மெசின் வச்சுச் சீவிக்கிற ஒரு அம்மா. மகனுக்கு இப்ப எட்டு வயசு, மூண்டாம் வகுப்பு, ஆட்டிசம் இருக்கு. ஆட்டிசம் எண்டா என்ன எண்டு சொல்லுற வீடியோ யூரியூப்பில எக்கச்சக்கம் கிடக்கு, அதை நான் எழுத வரேல்ல. கிளினிக் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் எண்டு மூண்டு இடத்திலயும் பிள்ளையை மூண்டு விதமா நடத்தினா என்ன நடக்கும், அதை எப்பிடி ஒரு வழிக்குக் கொண்டு வாறது எண்டதுதான் என்ர கதை. இதை எனக்கு ஆரும் முதலே சொல்லேல்ல. சொல்லியிருந்தா காசு கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதை விட ரெண்டு வருசம் மிஞ்சியிருக்கும்.

அவன் 2017 இல பிறந்தவன். ஒண்டரை வயசில பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், ஆனா குசினிக்குள்ள பிஸ்கட் பைக்கற் சரசரத்தா எங்க இருந்தாலும் ஓடி வருவான். விரல் நீட்டி ஒண்டையும் காட்ட மாட்டான், என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் வேணுமெண்ட சாமானுக்கு மேல வைப்பான். மாமி சொல்லுவா, உன்ர மனுசனும் நாலு வயசிலதான் கதைச்சவன், ஆம்பிளைப் பிள்ளையள் சுணங்கித்தான் கதைக்குங்கள் எண்டு. நானும் அதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன், நல்ல செய்தியை ஆர்தான் வேண்டாம் எண்ணுறது. எங்கட மிட்வைஃப் அக்காதான் ஒரு நாள் நிறுக்கேக்க, பிள்ளையின்ர சுகாதாரப் பதிவேட்டில வளர்ச்சிப் பக்கத்தைத் திறந்து வச்சு ஒவ்வொண்டாக் கேட்டவா, நான் இல்லை இல்லை எண்டு சொல்லச் சொல்ல அவாட முகம் மாறிப்போச்சுது. அந்தக் கொப்பியை நாங்கள் ஊசி போடுறதுக்கு மட்டும்தானே தூக்கிக்கொண்டு போறம், அதுக்குள்ள எந்த மாசத்தில பிள்ளை என்ன செய்யோணும் எண்டு வடிவாப் போட்டிருக்கு, ஒருக்காத் திறந்து வாசியுங்கோ. மிட்வைஃபிட்ட இருந்து எம்.ஓ.எச் எண்டுற சுகாதார வைத்திய அதிகாரி, அங்க இருந்து ஆஸ்பத்திரியில குழந்தைப்பிள்ளை டொக்டர், அவர் முதல்ல காது ரெஸ்ற் செய்யச் சொன்னவர், காது கேக்குது எண்டு தெரிஞ்ச பிறகுதான் மற்றதெல்லாம் பாக்கலாமாம். இவ்வளவுக்கும் ஒவ்வொரு திகதியாக் காத்திருந்து 2020 ஆகிட்டுது, பங்குனியில நாட்டைப் பூட்டிட்டாங்கள். பிறகென்ன, கிளினிக் திகதி தள்ளித் தள்ளிப் போய், ஆட்டிசம் எண்டு துண்டில எழுதித் தரேக்க அவனுக்கு நாலு வயசு கிட்ட.

அந்த இடைக்குள்ள சொந்தக்காரர் சொன்ன காரணங்கள் இருக்கே. 2009 இல எனக்குப் பதினைஞ்சு வயசு, கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளன் வரைக்கும் போய் உயிரோட திரும்பின குடும்பம் நாங்கள். அண்டைக்குப் பங்கருக்குள்ள இருந்த பயம் உன்ர உடம்பில நிண்டு பிள்ளைக்கு இறங்கிட்டுது எண்டு ஒரு பெரியம்மா என்ர முகத்துக்கு நேர சொன்னவா. அதுக்குப் பிறகு கன நாள் நான் அவனைத் தூக்கேக்கயே எனக்கு அந்தச் சொல்லுத்தான் காதுக்குள்ள கேக்கும். டொக்டரிட்ட அழுது கேக்க, அப்பிடியெண்டாச் செல்லுச் சத்தமே கேக்காத ஊர்ப் பிள்ளையளுக்கு ஏன் அம்மா வருது எண்டு திருப்பிக் கேட்டவர். இலங்கையில ஒண்டரை வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளையளைப் பாத்து 2009 இல வெளிவந்த ஒரு ஆய்வில 93 பேருக்கு ஒருத்தர் எண்டு வந்ததாம், கூடுதலா இது பரம்பரையோட வாற ஒண்டு, தாய் தகப்பன் வளத்த பிழை இல்லை எண்டும் சொன்னவர். ஊசியால வந்தது எண்டு வேற ஒரு கூட்டம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் போடுற எம்.எம்.ஆர் ஊசி எங்களுக்கு 9 மாசத்திலயும் 3 வயசிலயும் போடுறது, அந்த மூண்டு வயசு ஊசியைப் போடாமல் விடச் சொல்லி நெருக்கினவை. 1998 இல இங்கிலாந்தில ஒரு டொக்டர் அப்பிடி எழுதின கட்டுரையை, போட்ட சஞ்சிகையே 2010 இல திருப்பி எடுத்திட்டுது, அவற்ற டொக்டர் பதிவையும் பறிச்சுப்போட்டாங்கள். பிறகும் அந்தக் கதை எங்கட ஊர் வட்ஸ்அப்பில சுத்துது. நாங்கள் ஊசி போட்டனாங்கள்.

காசு எங்க போனது எண்டு சொல்லுறன். துண்டு கையில வந்த உடன எல்லாரும் செய்யிற மாதிரி நாங்களும் எங்கயாவது கெதியா மாத்துற இடம் இருக்கோ எண்டு தேடினம். ஒரு நிலையம், பேர் வேண்டாம், ஆறு மாசத்தில பேச வைப்பம் எண்டு சொன்னவை. கட்டணம், தலைக்குப் பூசுற எண்ணெய், பாலில கலக்கிற ஒரு மா எண்டு எல்லாம் சேத்து ஒண்டே முக்கால் லட்சம். என்ர சங்கிலியை ஈடு வச்சுத்தான் குடுத்தது, அது பிறகு மூழ்கிப்போச்சுது. பிள்ளையைத் தனிய ஒரு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போவினம், என்ன செய்யினம் எண்டு எங்களுக்குத் தெரியாது, நான் உள்ளுக்க இருந்து பாக்கட்டோ எண்டு கேட்டா ஏலாதாம், அம்மாவைக் கண்டாப் பிள்ளை ஒத்துழைக்காதாம். ஆறு மாசத்தில அவன் பேசேல்ல, அந்த ஓட்டோ போற ரோட்டைக் கண்டாலே வாந்தி எடுக்கத் தொடங்கினதுதான் மிச்சம். எனக்கு இப்ப தெரிஞ்ச அளவில, ஆட்டிசத்தை மாத்திற மருந்து எண்டு ஒண்டு உலகத்தில இல்லை. நித்திரை குழம்பினா, வலிப்பு இருந்தா, தன்னைத் தானே அடிச்சுக் காயப்படுத்தினா அதுகளுக்கு டொக்டர்மார் மருந்து தருவினம், அது வேற. இத்தினை மாசத்தில மாத்துவம் எண்டு நாள் குறிக்கிறவையிட்டயும், பெற்றாரை உள்ளுக்க விடாதவையிட்டயும் காசு கட்டாதேங்கோ. இந்த ரெண்டையும் பாத்தாலே பாதிக் கள்ளரைப் பிடிக்கலாம்.

அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில பேச்சுச் சிகிச்சை தாற ஒரு பொம்பிளைப் பிள்ளையிட்டக் காசு குடுத்துப் போனம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நேர்மையான பிள்ளை. விடியப் பஸ் எடுத்துப் பரந்தன் போய், அங்க இருந்து ஏ9 ஆல யாழ்ப்பாணம், முக்கால் மணித்தியாலம் வகுப்பு, திரும்பி வர மத்தியானம் தாண்டிடும், என்ர மனுசனுக்கு ஒரு நாள் கூலி போகும், எனக்குத் தையல் போகும். 2022 இல பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், அதுவும் கியூவில நிண்டாலும் இல்லை எண்டு வந்த நேரம் அதுவும் நிண்டுபோச்சுது. அப்ப அந்தப் பிள்ளை போனில சொன்ன ஒரு கதைதான் எனக்குக் கண் திறந்தது. அக்கா, நீங்கள் மாசத்தில ரெண்டு தரம் என்னட்ட வந்தாலும் ஒண்டரை மணித்தியாலம்தான், மிச்ச நேரம் முழுக்க அவன் உங்களோட, அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தில ஒரு நாளைக்கே நாலு ஐஞ்சு மணித்தியாலம் ரீச்சரோட, நான் செய்யிறதை நீங்களும் அவாவும் செய்யாட்டி நான் செய்து பிரயோசனம் இல்லை எண்டு. பேச்சுச் சிகிச்சைக்காரர் களனிப் பல்கலைக்கழகத்தில படிச்சு வாறவை, அதில தமிழ்ப் பிள்ளையள் குறைவு, வன்னிக்கு எண்டு வந்து நிலைச்சு நிக்கிறவை இன்னும் குறைவு. அதால கிடைக்கிற ஒவ்வொரு கிளினிக்கிலயும், அது அரசாங்க ஆஸ்பத்திரியா இருந்தாலும், எழும்ப முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ. வீட்டில நான் என்ன செய்யோணும், ரீச்சருக்கு என்ன சொல்லோணும். ரெண்டாவதை ஒரு துண்டில தமிழில எழுதித் தரச் சொல்லுங்கோ. கிளினிக் கொப்பியில இங்கிலீசில எழுதுறதைப் பள்ளிக்கூடத்தில ஆரும் வாசிச்சு விளங்கப் போறேல்ல, ஆனா ஆஸ்பத்திரி சீல் அடிச்ச ஒரு தமிழ்த் துண்டுக்கு இருக்கிற மதிப்பு ஒரு அம்மா வாயால சொல்லுற நூறு வசனத்துக்கு இல்லை. அது அநியாயம்தான், ஆனா அப்பிடித்தான்.

2023 இல முதலாம் வகுப்பு. கிட்ட இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போக அதிபர் மரியாதையாத்தான் கதைச்சவர், தேத்தண்ணி கூடத் தந்தவர். தந்துபோட்டு, விசேட கல்வி அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கோ அம்மா, அதுதான் பிள்ளைக்கு நல்லம் எண்டவர். அந்தப் பள்ளிக்கூடம் எங்கட வீட்டில இருந்து எவ்வளவு தூரம், ஆர் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போறது எண்டு அவர் கேக்கேல்ல. விசேட அலகு கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல, சில பிள்ளையளுக்கு அதுதான் பொருத்தம், நல்ல ரீச்சர்மார் அங்க இருக்கினம். ஆனா அதைப் பிள்ளையைப் பாத்து முடிவெடுக்கோணும், வாசலில நிண்ட தாயைப் பாத்து இல்லை. வீட்டை வந்து அழுதன், பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனன். அங்க விசேட கல்விக்குப் பொறுப்பா ஒருத்தர் இருப்பார் எண்டதே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். இலங்கையில 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி. 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டத்தில இயலாமையைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூட அனுமதியில பாகுபாடு காட்டக்கூடாது எண்டு இருக்கு, 2016 இல ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தினது. இதுகளைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லேல்ல, பிறகு அதே ஆக்களிட்டத்தான் பிள்ளையை விடப்போறம். நான் செய்தது, சேர்க்க ஏலாது எண்டதை ஒரு கடிதமாத் தாங்கோ சேர், வலயத்தில குடுக்கோணும் எண்டு பணிவாக் கேட்டதுதான். கடிதம் ஆரும் தாறேல்ல. பிள்ளையை எடுத்தவை, ஒரு நிபந்தனையோட. அம்மா வகுப்பில இருக்கோணும்.

இதை ஒத்துக்கொள்ள முதல் வடிவா யோசியுங்கோ. ஒரு அம்மா வகுப்புக்குள்ள நாள் முழுக்க இருந்தா ரீச்சருக்கு அந்தப் பிள்ளையோட பழக வேண்டிய தேவையே வராது. அவன் கத்தினா எல்லாரும் என்னைப் பாப்பினம், ரீச்சரும் என்னைப் பாப்பா, அவனும் என்னைத்தான் பாப்பான். தையல் ஓடர் எல்லாம் வேற ஆக்களுக்குப் போச்சுது, தீபாவளிக்கு முதல் மாசத்தில மட்டும் முப்பதாயிரம் கிட்ட வாறது, அந்த வருசம் ஒண்டும் இல்லை. மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் வேற, உங்கட பிள்ளையைப் பாத்து என்ர பிள்ளையும் கையை உதறுது எண்டு வந்து முறைப்பாடு. வலயத்தில இருந்து வந்த ஆசிரிய ஆலோசகர் ஒருத்தர்தான், எத்தினையாம் திகதி மட்டும் அம்மா இருப்பா எண்டு முதலே பேசிக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு அவனுக்குப் பக்கத்து வாங்கில இருந்த நான் வகுப்புக் கடைசிக்குப் போனன், பிறகு விறாந்தை, பிறகு வெளியில வேம்புக்குக் கீழ, பிறகு கேற்றடி, பிறகு வீடு. ஒவ்வொரு இடத்திலயும் அவன் பழகினாப் பிறகுதான் அடுத்தது. உங்களையும் இருக்கச் சொன்னா இருங்கோ, ஆனா எப்ப விறாந்தைக்குப் போறது எண்டதை முதல் கிழமையே கேட்டு எழுதி வையுங்கோ.

நான் வீட்டை வந்த பிறகுதான் பெரிய கரைச்சல் தொடங்கினது. ஒவ்வொரு நாளும் பத்து மணி போலப் போன் வரும், மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியில ஓடுறான், பிடிச்சாக் கையைக் கடிக்கிறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. போய்ப் பாத்தா காற்சட்டை நனைஞ்சிருக்கும். கோவத்தில மூத்திரம் பெய்யிறான் எண்டு சொல்லிச்சினம். இவன் வீட்டில அப்பிடிச் செய்யிறேல்ல, ரெண்டரை வயசிலயே அது பழகிட்டான், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. வீட்டில கட்டுப்பாடு இல்லை எண்டு அவை நினைச்சினம், பள்ளிக்கூடத்தில அடிக்கினமோ எண்டு நான் நினைச்சன். இப்பிடி ஒரு தவணை முழுக்கப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை நான் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கேக்க அவன் படியில இருந்து செருப்பை எடுத்துப் போடுறான், நான் பழக்கத்தில எழும்பிக் கக்கூஸ் கதவைத் திறந்து விடுறன். எங்கட கக்கூஸ் வளவுக்குப் பின்னுக்கு, செருப்புப் போட்டுத்தான் போறது, ஊரில எல்லார் வீட்டிலயும் அப்பிடித்தானே. அவனுக்குச் செருப்புப் போடுறதுதான் எனக்கு வருது எண்டு சொல்லுற முறை! வகுப்பில செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனா ரீச்சர் ஓடப் பாக்கிறான் எண்டு பிடிச்சு இருத்துவா, அவன் திமிறுவான், கடிப்பான், பிறகு அதிலயே போயிடும். பாவம் ரீச்சருக்கு எங்கட கக்கூஸ் எங்க இருக்கு எண்டு என்னெண்டு தெரியும். எனக்கு அவன் வகுப்பில என்னத்தைத் தொட்டுப்போட்டு ஓடுறான் எண்டு என்னெண்டு தெரியும். ஓடுறான் எண்டு மட்டும்தானே போனில சொன்னவை.

திங்கக்கிழமை போய்ச் சொல்ல ரீச்சர் வாயில கை வச்சவா. அண்டைக்கே எங்கட வீட்டுக் கக்கூஸ் கதவையும் பள்ளிக்கூடக் கக்கூஸ் கதவையும் போனில படம் எடுத்து, ஸ்டூடியோவில ரெண்டு பிரதி அடிச்சு லமினேற் செய்து, ஒண்டு வீட்டுக் கதவடியிலயும் ஒண்டு அவன்ட மேசையிலயும் கட்டினம். செருப்பைத் தொட்டா ரீச்சர் அந்தப் படத்தை அவன்ட கையில குடுத்து, அவன் திருப்பித் தர, கூட்டிக்கொண்டு போவா. வீட்டிலயும் படம் தராமல் நான் கதவு திறக்கிறேல்ல. ரெண்டு இடத்திலயும் ஒரே படம், ஒரே மாதிரிக் குடுக்கிறது, அதுதான் விசயம். பிறகு தண்ணி, சாப்பாடு, சத்தம் கூட, வீட்டை போகோணும் எண்டு ஒவ்வொண்டாச் சேர்த்தம். இவர் பயந்தவர், படம் காட்டிப் பழக்கினாப் பிறகு பேசவே மாட்டானோ, இது என்ன புதுப் பரிசோதனையோ எண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையிட்ட போனில கேட்டம். படம் குடுத்துக் கேக்கிற முறை 1985 இலயே அமெரிக்காவில தொடங்கினது, படத்தால பேச்சு நிக்கிறேல்ல, சில பிள்ளையளுக்கு அதோட சேந்து பேச்சும் வரும் எண்டவா. எங்கடவன் இப்ப சில சொல்லுச் சொல்லுவான், வசனம் இல்லை, அதுவும் தான் நினைச்ச நேரம்தான். ஆனா கடிக்கிறேல்ல.

அதுக்குப் பிறகுதான் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதினன், ஒரு பக்கம் மட்டும்தான், ரெண்டு பக்கம் எண்டா ஆரும் வாசிக்காயினம். அவன் என்ன செய்தா என்ன அர்த்தம், எதுக்குப் பயம், அந்த நேரம் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது. அவன் அழேக்கக் கட்டிப் பிடிக்கக் கூடாது, பேசாமல் பக்கத்தில இருக்கோணும். மணி அடிக்க முதல் ஒருக்காச் சொல்லோணும், எங்கட பள்ளிக்கூட மணி ஒரு பெரிய இரும்புத் துண்டு, அடிச்சா எனக்கே நெஞ்சு இடிக்கும். எழு, கொப்பியை மூடு, பையை எடு எண்டு மூண்டையும் சேத்துச் சொன்னா அவன் நிண்ட இடத்திலயே நிப்பான், ஒவ்வொண்டாச் சொல்லோணும். அதோட அவனுக்கு ஏலுமானதையும் எழுதுங்கோ. எங்கடவன் தமிழ் எழுத்து முழுக்கத் தானாப் பாத்துப் படிச்சவன், பஸ்ஸில இருக்கிற ஊர்ப் பேரெல்லாம் நிலத்தில எழுதுவான். அதை வாசிச்ச பிறகுதான் ரீச்சர் அவனுக்குக் கொப்பி குடுத்தவா, அதுவரைக்கும் அவனுக்குக் களிமண்ணும் கலர்ப் பென்சிலும்தான்.

தினம் என்ன நடந்தது எண்டு தெரிய ஒரு கொப்பி போட்டம், அது முதல்ல சரிவரேல்ல. ரீச்சர் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து போறவா, வன்னியில கன பேர் அப்பிடித்தானே, பள்ளிக்கூடம் விட்ட உடன பஸ்ஸைப் பிடிக்காட்டி அவா வீடு போய்ச் சேர இருட்டிடும். முப்பது பிள்ளையளையும் வச்சுக்கொண்டு கதை எழுதச் சொல்லிக் கேக்க ஏலுமோ. அதால நானே கொப்பியில கோடு கீறி, சாப்பிட்டான், கக்கூஸ் போனான், அழுதான், வேற ஏதும் எண்டு போட்டு விட்டன், அவா புள்ளடி மட்டும் போட்டாக் காணும். காலமை நான் எழுதி விடுறதும் சின்னன்தான், இரவு நித்திரை எப்பிடி, வீட்டில ஏதும் மாறினதோ, ஆரும் விருந்தாள் வந்ததோ. நித்திரை இல்லாத நாளில எழுத்து வேலை குறைச்சுக் குடுப்பா. கூடக் கதைக்க வேண்டியிருந்தாப் பஸ்ஸில போகேக்க வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டு விடுவா, பின்னால பஸ்காரன்ட பாட்டுச் சத்தம், அதுக்குள்ள அவா, அம்மா இண்டைக்குப் பிள்ளை சோறு சாப்பிட்டவன் எண்டு சொல்லுவா. இரவில போன் எடுத்துக் கரைச்சல் குடுக்கிறேல்ல எண்டு நான் எனக்கே ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தன், ரீச்சர்மாருக்கும் வீடு வாசல் இருக்கு. ரீச்சர் இப்பிடி ஒருத்தர் கிடைச்சது என்ர அதிஷ்டம், எல்லாருக்கும் கிடைக்காது எண்டு தெரியும். ஆனா புள்ளடி போட எந்த ரீச்சரும் பின் நிக்க மாட்டினம்.

பள்ளிக்கூடத்தோட ஒத்துப் போனது கூட லேசு, வீட்டுக்குள்ள ஒத்துப் போறதுதான் கஸ்டம். நான் படம் தந்தாத்தான் பிஸ்கட் எண்டு இருப்பன், அப்பம்மா அவன் முகம் சுழிக்க முதலே வாயில வைப்பா. இவர் வேலையால வந்து போனைக் குடுப்பார், பிறகு பறிக்கேக்க ரணகளம். ஆட்டிசம் போனால வாறேல்ல, ஆனா போனில கிடக்கிற நேரம் அவன் எங்களோட கிடக்கிற நேரம் இல்லைத்தானே. மாமியோட வாக்குவாதப்பட்டுக் களைச்சுப்போய், கடைசியா ஒரு நாள் அவாவையே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். பேரன் படத்தை எடுத்து ரீச்சரிட்டக் குடுத்துத் தண்ணி கேக்கிறதைக் கண்ணால கண்டவா. வீட்டை வந்து, மாமாவின்ர படத்துக்குப் பக்கத்தில அவாவே ஆணி அடிச்சு அந்த அட்டையளைக் கொழுவினவா. நான் சொல்லேக்க ஏறாதது ரீச்சர் செய்யேக்க ஏறிச்சுது, கோவம்தான், பரவாயில்லை.

இன்னொண்டு, இதை வாசிச்சுப்போட்டு மறந்திடாதேங்கோ. ஆட்டிசப் பிள்ளையள் சொல்லாமல் நடந்து போவினம், அதுவும் கூடுதலாத் தண்ணிப் பக்கம். வன்னியில எங்க பாத்தாலும் குளம், வாய்க்கால், கட்டில்லாத கிணறு. ஒரு நாள் நான் கூட்டிக்கொண்டு போயிட்டன் எண்டு பள்ளிக்கூடம் நினைச்சுது, அவன் வகுப்பில இருக்கிறான் எண்டு நான் நினைச்சன், பிள்ளை வயல் வாய்க்காலில காலை விட்டுக்கொண்டு இருந்தவன். அண்டைக்கு வாய்க்காலில தண்ணி குறைவு. அதுக்குப் பிறகு கையில இருந்து கைக்குத்தான் பிள்ளை, ரீச்சர் வராத நாளிலயும் ஆர் தாறது எண்டு முதலே பேச்சு. சேட்டுக்கு உள்பக்கம் போன் நம்பர் தைச்சு விட்டிருக்கிறன், ரோட்டுக் கடைக்காரர், ஓட்டோக்காரர் எல்லாருக்கும் படம் காட்டி வச்சிருக்கிறன், இவன் தனிய வந்தா இருத்தி வச்சு எனக்குப் போன் அடியுங்கோ எண்டு. காணேல்ல எண்டா முதல்ல ரோட்டைத் தேடாதேங்கோ, கிணத்தையும் குளத்தையும் பாருங்கோ, பிறகு மற்ற இடம்.

விளையாட்டுப் போட்டி, வற்றாப்பளைப் பொங்கல், கலியாண வீடு எண்டு லவுட்ஸ்பீக்கர் உள்ள இடமெல்லாம் ஒரே சட்டம்தான் எங்களுக்கு, முதல் நாள் ஆள் இல்லாத நேரம் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுறது, போற நாள் கொஞ்ச நேரம் நிண்டு அழ முதல் வெளிக்கிடுறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அவனைக் கட்டாயம் ஓட விடோணும் எண்டு ஒரு சேர் நிண்டவர், ரீச்சர்தான் கதைச்சுக் கொடி பிடிக்கிற வேலையாக மாத்தினவா.

கடுதாசி விசயம். பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டப் பதிஞ்சு வையுங்கோ, விதானையாரிட்டக் கடிதம், டொக்டரின்ர துண்டு, பிறப்புச் சேட்டிபிக்கற் எண்டு கேப்பினம். மாற்றுத்திறனாளி உதவிப்பணத்துக்கும் அதுதான் வழி. வெக்கத்தில தான் கன காலம் போகேல்ல எண்டு ஒரு அக்கா சொன்னவா, அவாட பிள்ளைக்கு இப்ப பதினாலு வயசு. எல்லாத்துக்கும் ஒரு பைல், எல்லாத்துக்கும் போட்டோக் கொப்பி, ஒறிஜினலை ஆரிட்டயும் குடுக்காதேங்கோ.

ரெண்டாம் வகுப்பு முடியேக்க ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு, தன்ர வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. கஸ்டப் பிரதேசத்தில இத்தினை வருசம் செய்தவா, நான் எப்பிடிப் போகாதேங்கோ எண்டு சொல்லுறது. ஆனா எனக்குக் கை கால் நடுங்கிச்சுது. போக முதல் அவா ஒரு வேலை செய்தவா, அதுக்காகவே அவாவை நான் கும்பிடுவன். தான் அவனை எப்பிடி இருத்துறா, படத்தை எப்பிடி வாங்குறா, மணிக்கு முதல் என்ன சொல்லுறா எண்டு எல்லாத்தையும் பக்கத்து வகுப்பு ரீச்சரைக் கொண்டு போனில வீடியோ எடுத்துத் தந்தவா. புது ரீச்சருக்கு அந்தப் பக்கத்தையும் வீடியோவையும் குடுத்தும் முதல் மாசம் பழையபடி கடி, பழையபடி போன். ஆனா ஒரு தவணை ஓடேல்ல, ஒரு மாசம்தான். இடமாற்றம் நிப்பாட்ட எங்களால ஏலாது, ஆனா போற ஆளும் வாற ஆளும் ஒரு நாளாவது ஒண்டா வகுப்பில நிக்கிற மாதிரிக் கேக்கலாம், அப்பிடி ஏலாட்டி வீடியோ. கார்த்திகை மாசமே அதிபரிட்டப் போய்க் கேளுங்கோ, மார்கழியில ஆரையும் பிடிக்க ஏலாது. இந்த முறை நான் முதலே போயிட்டன். நாலாம் வகுப்பு ஆருக்குக் குடுக்கிறீங்கள் சேர், அவாவை இப்பவே ஒருக்கா மூண்டாம் வகுப்புக்கு அனுப்பி மகனோட கொஞ்ச நேரம் இருக்க விடுவீங்களோ எண்டு கேட்டன். இடமாற்றப் பட்டியல் இன்னும் வரேல்ல, வந்தாப் பிறகு பாப்பம் எண்டவர். அடுத்த கிழமையும் போவன்.